விக்டோரியா காலத்து இங்கிலாந்துக் கிராமம்: தொழில்களும் வாழ்க்கையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எந்தக் காலம், எந்த ஊர்?

விக்டோரியா அரசி 1837-இல் அரியணை ஏறி 1901-இல் மறைந்தார். அந்தக் காலத்தின் நடுவில், 1851-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதன்முறையாக நகரங்களில் வாழ்ந்தவர்கள் பாதிக்கும் மேல் என்று தெரியவந்தது. அப்போதும் நாட்டில் அதிகம் பேர் செய்த தொழில் விவசாயமே. ஆலைப் புகையும் ரயிலும்தான் விக்டோரியா காலம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பொதுவாகச் சொன்னால் எல்லாக் கிராமமும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால், வார்விக்‌ஷயரில் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் பார்ஃபர்ட் என்ற ஊரை மையமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே 1826-இல் ஒரு கூலித் தொழிலாளி வீட்டில் பிறந்த ஜோசஃப் ஆர்ச், 1898-இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். கிராமத்தைப் பாதிரியார்களும் பிரபுக்களும் எழுதியது ஏராளம். வயலில் நின்றவரே எழுதியது குறைவு. ஆகவே அவர் சொன்னது விலைமதிப்பற்றது. பார்ஃபர்ட்டில் இல்லாத தொழில்களுக்கு மற்ற மாவட்டங்களுக்கும் போய்வருவோம்.

ஊரில் யார் யார் இருந்தார்கள்? யார் மேல், யார் கீழ்?

இதற்கு ஆர்ச் ஒரு காட்சியைத் தருகிறார். அவருக்கு அப்போது வயது ஏழு. விக்டோரியா அரசியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவருடைய அப்பா திருவிருந்துக்காகக் கோயிலுக்குள்ளேயே இருந்துவிட்டார். சிறுவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பையன் சாவித் துவாரம் வழியே பார்த்தான். முதலில் ஊரின் நிலக்கிழார் பீடத்துக்குப் போனார். அவர் திரும்பியபின் விவசாயிகள். அடுத்து கடைக்காரர்கள், வண்டித் தச்சர், கொல்லர். எல்லோரும் முடித்தபின் கடைசியாக, நீண்ட லினன் மேலங்கி அணிந்த கூலித் தொழிலாளிகள். அவர்களோடு வேறு யாரும் சேர்ந்து மண்டியிடவில்லை. நான் ஒருபோதும் இப்படிப் போய் நிற்க மாட்டேன் என்று அந்த வயதிலேயே முடிவுசெய்ததாக எழுதுகிறார்.

கிராமத்தின் படிநிலை முழுவதும் அந்தச் சாவித் துவாரத்துக்குள் அடங்கிவிட்டது. நிலம் நிலக்கிழாருடையது. அதைக் குத்தகைக்கு எடுத்துப் பண்ணை நடத்துபவர்தான் 'விவசாயி' எனப்பட்டார். அவர் பெரும்பாலும் ஏர் பிடிக்க மாட்டார், ஆள் வைத்து வேலை வாங்குவார். நடுவில் கைத்தொழில்காரர்கள். அடியில், எண்ணிக்கையில் எல்லோரையும்விட அதிகமாக, கூலியாட்கள்.

நடுவில் இருந்தவர்களுக்கும் அடியில் இருந்தவர்களுக்கும் வருமானத்தில் பெரிய இடைவெளி எல்லா ஊரிலும் இருந்ததில்லை. சுதந்திரத்தில்தான் வேறுபாடு. கொல்லருக்குத் தன் சம்மட்டி தன்னுடையது. ஒரு பண்ணைக்காரர் கோபித்துக்கொண்டால் இன்னொருவரின் குதிரை வரும். கூலியாளுக்கோ வேலையும் வீடும் பல சமயம் ஒரே கையிலிருந்து வந்தன. வேலை போனால் வீடும் போகும். எவனுக்குச் சொந்தக் கருவியும் சொந்தக் கூரையும் இருந்தனவோ அவனால்தான் வாய் திறந்து பேச முடிந்தது. இந்தக் கிராமத்தைப் பற்றி எதைப் படித்தாலும் இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கூலியாளுக்கு எவ்வளவு கிடைத்தது?

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1850-51-இல் வேளாண்மை எழுத்தாளர் ஜேம்ஸ் கேர்ட் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிப் பார்த்துக் கணக்கிட்டபோது, வட மாவட்டங்களில் வாரக் கூலி சராசரியாக 11 ஷில்லிங் 6 பென்ஸ். தெற்கில் 8 ஷில்லிங் 5 பென்ஸ். வடக்கே சுரங்கமும் ஆலையும் ஆட்களை இழுத்ததால் பண்ணைக்காரர்கள் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது. தெற்கே அப்படிப் போட்டி போட யாரும் இல்லை.

எட்டரை ஷில்லிங்குக்கும் குறைவான பணத்தில் ஐந்தாறு பிள்ளைகளோடு வாழ்வது எப்படி? பெரும்பங்கு ரொட்டிக்கே போய்விடும். வாடகைக்கு ஒன்று அல்லது இரண்டு ஷில்லிங். ஒரு ஜோடி பூட்ஸின் விலை ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. அதை வாராந்திரக் கூலியில் வாங்க முடியாது. அறுவடைக் காலத்தில் கிடைக்கும் கூடுதல் பணத்தில்தான் பூட்ஸும் வாடகைப் பாக்கியும் தீரும். மழை பெய்து வயலில் வேலை இல்லாத நாளுக்குக் கூலி வெட்டும் பண்ணைகளும் இருந்தன.

கூலியாள் என்றால் திறமை இல்லாதவர் என்று நினைப்பது அநியாயம். நேராக உழுவது, வேலிச் செடிகளைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னி உயிர்வேலி கட்டுவது, வைக்கோற்போரை மழை இறங்காமல் அடுக்குவது, ஆட்டுக்குக் குட்டி ஈனும் காலத்தில் இரவெல்லாம் விழித்திருப்பது என்று ஒவ்வொன்றும் பல ஆண்டுப் பழக்கம் கேட்கும் வேலை. ஆர்ச் உயிர்வேலி கட்டுவதில் பேர்பெற்றவர். அந்த வேலைக்காகவே ஊர் ஊராக அழைக்கப்பட்டார்.

கொல்லர் லாடம் மட்டுமா அடித்தார்?

லாடம் அவருக்கு அன்றாட வரும்படி. குதிரையின் குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி கட்ட வேண்டும். காய்ச்சிய லாடத்தைக் குளம்பில் ஒரு கணம் வைத்து அழுத்துவார். புகை எழும், கருகிய நாற்றம் வரும், குதிரைக்கு வலிக்காது. கருகிய இடத்தைப் பார்த்து எங்கே பொருந்தவில்லை என்று அறிந்து மீண்டும் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டுவார். ஆணியை உணர்ச்சியுள்ள பகுதியில் படாமல் வெளியோரமாக ஏற்றி, வெளியே வந்த முனையை முறித்து மடக்குவார். ஆணி ஒரு நூலளவு உள்ளே போனாலும் குதிரை நொண்டும், பண்ணை வேலை நிற்கும்.

மீதி நேரமெல்லாம் ஊருக்கு வேண்டிய இரும்பு முழுவதும் அவர் கையில்தான்: கொழுமுனை தீட்டுவது, வாயில் கீல், சங்கிலி, அடுப்புக் கம்பி, உடைந்த மண்வெட்டி. பல ஊர்களில் பல்லும் பிடுங்கினார்! குளிர்காலத்தில் உலை எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் என்பதால் வேலையில்லாதவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். ஊர்ச் செய்தி பரவியதும் அங்கிருந்துதான்.

பண்ணைக்காரர்கள் கைத்தொழில்காரரின் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை தீர்க்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. இரும்பையும் கரியையும் முன்பணம் கொடுத்து வாங்கியவர் தன் கூலிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார். விளைச்சல் கெட்டால் அவர் கணக்கும் இழுபறியாகும்.

வண்டிச் சக்கரம் செய்வதில் அப்படி என்ன நுணுக்கம்?

ஊரின் தொழில்களிலேயே என்னை அதிகம் வியக்கவைப்பது வண்டித் தச்சரின் தொழில்தான். ஒரு சக்கரத்துக்கு மூன்று மரங்கள் வேண்டும். நடுக் குடம் எல்ம் மரம். அதன் இழைகள் பின்னிக்கிடப்பதால் சுற்றிலும் துளை போட்டாலும் பிளக்காது. ஆரக்கால்கள் ஓக், ரம்பத்தால் அறுக்காமல் இழையோட்டத்தில் பிளந்து எடுப்பார்கள், அப்போதுதான் சுமை தாங்கும். வெளிவட்டத் துண்டுகள் ஆஷ் மரம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மரத்தை வெட்டி ஆண்டுக்கணக்கில் காயப்போட வேண்டும். அப்பா வெட்டிப்போட்ட மரத்தில் மகன் சக்கரம் செய்வான். அறுப்பதும் லேசான வேலையல்ல. ஒரு குழி தோண்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் என்று நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். குழிக்குள் நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள்.

சக்கரம் தட்டையாக இருக்காது. ஆரக்கால்கள் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்து ஆழமில்லாத கிண்ணம்போல இருக்கும். குதிரை நடக்கும்போது வண்டி பக்கவாட்டில் அசைந்தாடும். சுமை ஒரு பக்கம் தள்ளும்போது தட்டைச் சக்கரமாக இருந்தால் மடிந்துவிடும். சாய்வு இருந்தால் தாங்கும். இதைக் கணிதம் படித்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. வண்டி உடைந்து உடைந்து தலைமுறைகளாகக் கற்றது.

கடைசியில் இரும்புப் பட்டா போடும் நாள். கொல்லரும் தச்சரும் சேர்ந்தே செய்ய வேண்டிய வேலை அது. ஒரு சிறு உருளையைச் சக்கரத்தின் விளிம்பில் ஓட்டி எத்தனை சுற்று என்று எண்ணி, அதே உருளையை இரும்பிலும் ஓட்டி அளப்பார்கள். பட்டாவை வேண்டுமென்றே சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாக வளைத்து ஒட்டுவார்கள். பிறகு சுற்றிலும் நெருப்பு மூட்டிக் காய்ச்சினால் இரும்பு விரியும். இரண்டு மூன்று பேர் நீண்ட குறடுகளால் தூக்கிவந்து, தரையில் திருகி இறுக்கிய சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றி எரியத் தொடங்கும். சம்மட்டியால் அடித்து அமர்த்திய அதே நொடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவி எழும்ப, இரும்பு சுருங்க, ஒவ்வொரு மூட்டும் கிறீச்சிட்டு இறுகும். தண்ணீர் தாமதமானால் சக்கரம் கரியாகும். பட்டா அளவுக்கு மீறிச் சிறியதாக இருந்தால் ஆரக்கால்கள் நெளிந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் பள்ளியைவிட்டு ஓடிவந்து இதை வேடிக்கை பார்த்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊர்த் தச்சர்தான் சவப்பெட்டியும் செய்தார். பெரும்பாலும் அதே எல்ம் மரம்.

மாவு மில் யாருடையது?

காற்றாலையோ நீராலையோ, பெரும்பாலும் நிலக்கிழாரிடம் குத்தகைக்கு எடுத்ததுதான். அரவைக்கற்களின் தடங்கள் தேய்ந்துபோகும். அவற்றை மறுபடி கொத்திக் கூராக்குவது தனித் தொழில், ஊர் ஊராகச் சென்று கொத்துபவர்கள் இருந்தார்கள். நல்ல மாவுக்குப் பிரான்சிலிருந்து வரும் கல்லுக்கே மதிப்பு. 1880 வாக்கில் லிவர்பூல், ஹல் போன்ற துறைமுகங்களில் எஃகு உருளை ஆலைகள் வந்தன. கப்பலில் இறங்கும் அயல்நாட்டுக் கோதுமை அங்கேயே வெள்ளை மாவாகியது. கிராமத்து மில்கள் கால்நடைத் தீவனம் அரைக்கும் நிலைக்கு இறங்கின, பிறகு நின்றன.

வேறு என்னென்ன தொழில்கள்?

கூரை வேய்பவர், சேணம் தைப்பவர், பூட்ஸ் தைப்பவர், தையற்காரர், ரொட்டி சுடுபவர், இறைச்சிக் கடைக்காரர், மளிகைக்காரர், மதுக்கடைக்காரர். ஒருவரே இரண்டு மூன்றைச் செய்வது சாதாரணம். 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) கட்டினாலே பியர்க் கடை உரிமம் கிடைத்தது என்பதால் தச்சரும் கொல்லரும்கூடப் பியர் விற்றார்கள். ரொட்டிக்காரரின் அடுப்பு ஞாயிறன்று சும்மா இருக்காது. அடுப்பு வசதி இல்லாத வீட்டார் தங்கள் இறைச்சியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காசு கொடுத்துச் சுட்டுப் போவார்கள்.

பூட்ஸ் தைப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கைவேலை செய்துகொண்டே பேசவும், ஒருவர் செய்தித்தாள் படிக்கக் கேட்கவும் முடிந்த தொழில் அது. யாருடைய பண்ணையையும் நம்பி இல்லை. அதனால்தான் ஊரில் அரசியல் பேசுபவரும் மெதடிஸ்ட் என்ற கிறித்தவச் சபையில் பிரசங்கம் செய்பவரும் பல இடங்களில் அவராகவே இருந்தார்.

ரயில் நிலையம் இல்லாத ஊருக்குச் சாமான் வண்டிக்காரர்தான் உலகத்தோடு இணைப்பு. சந்தை நாளன்று கூரை போட்ட வண்டியில் பொட்டலம், கோழி, முட்டை, ஒன்றிரண்டு பயணிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நடை வேகத்தில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்புவார். நூல்கண்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி என்று ஊரார் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்து வாங்கிவருவார். 1840-இல் ஒரு பென்னிக்கு நாடெங்கும் கடிதம் போகும் என்றானபின், வேலைக்காக வெளியூர் போன மகளின் கையெழுத்தைத் தாய் பார்க்க முடிந்தது. படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்துச் சொல்லும்.

பெண்கள் வீட்டில் மட்டுமா இருந்தார்கள்?

இல்லை. ஆனால் பதிவேடுகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வயலில் கல் பொறுக்குவது, களை எடுப்பது, டர்னிப் கிழங்கைப் பிடுங்கிச் சீவுவது, அறுவடையில் ஆண்கள் அரியஅரியப் பின்னால் கட்டிக்கொண்டு போவது எல்லாம் பெண்களின் வேலை. இதைப் பருவகால வேலை என்று சொல்லிக் கணக்கெடுப்பாளர்கள் எழுதாமலே விட்டார்கள்.

வீட்டுக்குள் இருந்தபடி செய்த தொழில்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறின. பெட்ஃபர்ட்‌ஷயரிலும் ஹார்ட்ஃபர்ட்‌ஷயரிலும் வைக்கோல் பின்னினார்கள். லூட்டன் நகரத்துத் தொப்பிகளுக்கு அதுவே மூலப்பொருள். கோதுமைத் தாளைக் கீறி, வாயில் வைத்து ஈரமாக்கி, நடந்தபடியே பின்னுவார்கள். உதட்டோரம் புண்ணாகும். எழுத்துக்கு முன்பே பின்னலைக் கற்றுக்கொடுத்த 'பள்ளிகளில்' மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாக விற்ற காலத்தில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து தகப்பனின் கூலிக்கு ஈடாகச் சம்பாதித்தார்கள். 1870-களில் சீனத்திலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் வந்து இறங்கியதும் அது சரிந்தது.

பக்கிங்காம்‌ஷயர், நார்த்தாம்டன்‌ஷயர், டெவன் ஆகிய இடங்களில் லேஸ். மடியில் ஒரு திண்டு, அதில் வடிவத்தைக் குறிக்கும் ஊசிகள், நூல் சுற்றிய சிறு கட்டைகள் பத்துப் பத்தாக. இரவில் ஒரே மெழுகுவத்தியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை வைப்பார்கள். வெளிச்சம் அவற்றில் குவிந்து ஒவ்வொரு பெண்ணின் திண்டின்மேலும் ஒரு சிறு வட்டமாக விழும். நெருப்பருகே உட்கார்ந்தால் வெள்ளை நூலில் கரி படியும் என்பதற்காக, குளிரில் சுடுசாம்பல் நிரப்பிய மண்சட்டியைப் பாவாடைக்கடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். 1840-இல் விக்டோரியா அரசியின் திருமண உடைக்கான லேஸ், டெவன் கடற்கரையில் உள்ள பியர் என்ற சிற்றூரில் 200-க்கும் மேற்பட்ட பெண்களின் கையால் ஆனது. அந்தக் கைகள் ஏற்கெனவே நாட்டிங்காம் இயந்திர லேஸோடு போட்டியிட்டுக்கொண்டிருந்தன.

டார்செட்டில் நூலால் பொத்தான் கட்டினார்கள். 1851-ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் பொத்தான் செய்யும் இயந்திரம் ஒன்று காட்டப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அந்த மாவட்டத்தின் பல ஊர்களில் அடுப்பெரிய வழியில்லாமல் போயிற்று. குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள்.

இவை எதுவும் இல்லாத ஊர்களில் பெண்பிள்ளைக்கு ஒரே வழி, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வீட்டு வேலைக்குப் போவது. 1891-இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். பிரசவம் பார்ப்பதும் இறந்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவதும் ஊரில் அனுபவமுள்ள ஒரு மூதாட்டியின் பொறுப்பு. பல ஊர்களில் இரண்டையும் ஒரே கை செய்தது.

குழந்தைகள் பள்ளிக்குப் போனார்களா?

போனார்கள், வயல் விட்டபோது. ஆர்ச் ஒன்பது வயதில் காக்கை விரட்டும் வேலைக்குப் போனார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு நான்கு பென்ஸ். தனியாக, ஈர வயலில், நாளெல்லாம் கத்திக்கொண்டு நிற்க வேண்டிய வேலை அது.

கட்டாயக் கல்வி படிப்படியாகத்தான் வந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியில்லாத இடங்களில் பள்ளி கட்டவைத்தது. 1880-இல் பத்து வயதுவரை கட்டாயமாயிற்று. 1891-இல் பெரும்பாலான பள்ளிகளில் கட்டணம் போயிற்று. 1862 முதல் சோதகர் முன்னால் பிள்ளைகள் தேறும் அளவுக்கேற்பத்தான் அரசு மானியம் கிடைத்தது. ஆசிரியர் அஞ்சி அஞ்சி மனப்பாடம் செய்யவைத்தார். தலைமை ஆசிரியர்களின் நாட்குறிப்பேடுகளில் வராத பிள்ளைகளின் காரணங்கள் வரிசையாக இருக்கும்: உருளைக்கிழங்கு பிடுங்க, பன்றிக்கு ஓக் விதை பொறுக்க, பூட்ஸ் இல்லாததால். பெரிய விடுமுறை எப்போது தொடங்கும் என்பதைக் கோதுமை எப்போது முற்றுகிறது என்பதே தீர்மானித்தது.

வீடும் சாப்பாடும் எப்படி?

கீழே ஒன்று, மேலே ஒன்று அல்லது இரண்டு அறைகள். தண்ணீர் கிணற்றில், கழிப்பிடம் தோட்டத்துக் கோடியில். இரண்டும் நெருக்கமாக இருந்த ஊர்களில் டைஃபாய்டு வந்தது. வைக்கோல் கூரையும் ரோஜாக் கொடியுமாக ஓவியங்களில் பார்க்கும் வீடு உள்ளே ஈரம் ஏறிய வீடு.

ரொட்டி, உருளைக்கிழங்கு, பன்றிக் கொழுப்பு, வெங்காயம், கொஞ்சம் சீஸ். இறைச்சி இருந்தால் உழைக்கும் ஆணுக்கு முதலில். தாய் பல நாள் தேநீரும் ரொட்டியுமாகவே காலம் தள்ளினாள். வீட்டுப் பன்றிதான் குடும்பத்தின் சேமிப்பு. வசந்தத்தில் குட்டியாக வாங்கி, எச்சிலும் தோட்டக் கழிவும் போட்டு வளர்த்து, குளிர் தொடங்கியதும் அறுப்பார்கள். உடனே கெடும் பகுதிகளை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அடுத்த வீட்டில் அறுக்கும்போது அது திரும்பிவரும். மீதியை உப்பிட்டுத் தொங்கவிடுவார்கள். பன்றி நோயில் செத்தால் வீடே துக்கம் காக்கும். அதற்காகவே வாரம் சில காசு கட்டும் பன்றிக் காப்பீட்டுச் சங்கங்கள் இருந்தன.

அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். எல்லோருக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்று பல ஊர்களில் கோயில் மணி அடித்த பிறகே தொடங்க வேண்டும். நல்ல ஆண்டில் பொறுக்கியதே பல வாரத்து மாவாகும்.

தேநீரைச் சொன்னேன். விக்டோரியா காலத்தின் தொடக்கத்தில் அது சீனத் தேயிலை. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். காப்பிப் பயிர் நோயில் அழிந்தபின் மலைநாடு முழுவதும் தேயிலையானது. 1890-களில் இங்கிலாந்துக் கூலியாளின் மனைவி வாங்கிய கால் ராத்தல் பொட்டலத்தில் இருந்தது, தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போன குடும்பங்கள் பறித்த கொழுந்தாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூலிக்காரர் பறித்ததைக் கூலிக்காரர் குடித்தார்.

வேலைக்கு ஆள் எடுத்தது எப்படி?

கூலியாட்கள் வாரக் கணக்கு. குதிரைக்காரர், ஆட்டிடையர், பண்ணை வீட்டுப் பணிப்பெண் போன்றோர் ஆண்டுக் கணக்கு. செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளை ஒட்டி ஆள் பிடிக்கும் சந்தை கூடும். ஆட்டிடையர் தொப்பியில் கம்பளிக் கற்றை, வண்டிக்காரர் தொப்பியில் சாட்டைக் கயிறு செருகி நிற்பார்கள். பேசி முடித்து ஒரு ஷில்லிங் கைமாறினால் ஓராண்டு ஒப்பந்தம். அந்தக் காசு அன்று மாலையே ராட்டினத்திலும் மிட்டாயிலும் கரைந்துவிடும். மனிதர்களை மாடுபோல நிறுத்திப் பார்க்கிறார்கள் என்று பாதிரியார்கள் கண்டித்தார்கள். ஆனால் பிடிக்காத எஜமானை விட்டு வெளியேற ஆண்டில் கிடைத்த ஒரே நாளும் அதுதான்.

நோய் வந்தால், வயதானால்?

1834-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டத்தின்படி பல ஊர்கள் சேர்ந்து ஒரு பொது ஏழை விடுதி. உள்ளே போனால் சீருடை. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். வெளியே இருக்கும் ஏழையைவிட உள்ளே இருப்பவர் நிலை மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சோறு விளைவித்தவர்கள் கடைசிக் காலத்தில் அங்கே போய்ச் சாவதற்கு அஞ்சினார்கள். அந்தச் சட்டத்தை நியாயப்படுத்தும் எந்த வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல.

தப்பிக்க அவர்கள் தாமே ஒன்றைக் கட்டினார்கள்: சங்கம். வாரந்தோறும் சில பென்ஸ் கட்டினால் நோயில் உதவித்தொகை, சாவில் அடக்கச் செலவு. பெந்தெகொஸ்தே வாரத்தில் கொடியும் வாத்தியமுமாக ஊர்வலம் போய் விருந்துண்பார்கள். முதியோர் ஓய்வூதியம் வந்தது 1909 ஜனவரியில்தான்: எழுபது வயதானவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங்.

யாரும் எதிர்த்துக் கேட்கவில்லையா?

கேட்டார்கள். 1872 பிப்ரவரி 7 அன்று, பார்ஃபர்ட்டுக்கு அருகே உள்ள வெல்ஸ்போர்ன் ஊர்க் கூலியாட்கள் ஆர்ச்சைப் பேச அழைத்தார்கள். முப்பது நாற்பது பேர் வந்தால் பெரிது என்று அவர் நினைத்தார். இருட்டில் செஸ்ட்நட் மரத்தடியில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள் என்று எழுதுகிறார். அவரைக்கொடி படர வைத்திருந்த கழிகளில் விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பன்றி அறுக்கும் பலகையின்மேல் ஏறி நின்று பேசினார். வாரம் 16 ஷில்லிங் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. மே மாதம் லெமிங்டனில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1874-இல் அதில் ஏறக்குறைய 86,000 பேர். அதே ஆண்டு கிழக்கு மாவட்டப் பண்ணைக்காரர்கள் சங்கத்தாரை வேலைக்கு எடுக்காமல் கதவடைத்தார்கள். மாதக்கணக்கில் உதவித்தொகை கொடுத்துச் சங்கம் தளர்ந்தது. ஆனால் 1884-இல் கிராமத்துக் கூலியாளுக்கும் வாக்குரிமை வந்தது. 1885-இல் ஆர்ச் நாடாளுமன்றம் சென்றார்.

ஏன் ஆர்ச்? நல்ல பேச்சாளர், மெதடிஸ்ட் பிரசங்கியார் என்பது ஒரு காரணம். அவர் குடியிருந்த வீடு அவர் குடும்பத்துக்குச் சொந்தம் என்பது அதைவிடப் பெரிய காரணம். வேலியைத் தன் கருவியால் ஒப்பந்தத்துக்குக் கட்டினார். எந்த ஒரு பண்ணைக்காரராலும் அவரைத் தெருவில் நிறுத்த முடியவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் பலர் அந்தப் பாதுகாப்பு இல்லாமலே வந்தார்கள். அவர்கள் துணிவு அவருடையதைவிடப் பெரிது.

இந்தத் தொழில்கள் எப்போது மறைந்தன?

அடிவேர் கோதுமை. 1870-களின் மத்தியில் ஒரு குவார்ட்டர் (அக்காலத் தானிய அளவு) கோதுமை 50 ஷில்லிங் அளவில் விற்றது. அமெரிக்கப் புல்வெளிகளிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் தானியம் கொட்டத் தொடங்கியது. 1879-இல் ஓயாத மழையில் விளைச்சல் கெட்டும் விலை ஏறவில்லை. 1894-இல் விலை 22 ஷில்லிங் 10 பென்ஸ். உழுத நிலம் புல்லானது. உழவு குறைந்தால் குதிரை குறையும். குதிரை குறைந்தால் லாடம், சேணம், சக்கரம் எல்லாம் குறையும். நார்த்தாம்டன் ஆலைகளின் பூட்ஸ் ஊர்க் கடைக்கு வந்தது. இளைஞர்கள் ரயில்வே, காவல்துறை, கனடா, நியூசிலாந்து என்று போனார்கள். போகாமல் தங்கிய கூலியாளுக்கு ரொட்டி மலிவானதால் வாழ்க்கை ஓரளவு தேறியது என்பதும் உண்மை. கிராமம் அழிந்ததாகப் புலம்பியவர்கள் அதைச் சொல்வதில்லை. கொல்லர்களில் சிலர் சைக்கிளும் பிறகு மோட்டாரும் பழுதுபார்க்கக் கற்றுப் பிழைத்துக்கொண்டார்கள்.

ஒரு கிராமத்தைப் பற்றி நானே தேட விரும்பினால் எங்கே தொடங்குவது?

1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயரும் தொழிலும் உண்டு. 1851 முதல் பிறந்த ஊரும் குடும்ப உறவும் உண்டு. நூறு ஆண்டுகள் கழித்தே அவை பொதுப் பார்வைக்கு வரும் என்பதால் விக்டோரியா காலத்தவை முழுவதும் இப்போது திறந்திருக்கின்றன. 1836-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கோயில் வரிக்காக வரைந்த வரைபடங்களில் எந்த வயல் யாருடையது என்று தெரியும். வணிக விவரப் புத்தகங்களில் கைத்தொழில்காரர்கள் இருப்பார்கள், கூலியாட்கள் இருக்க மாட்டார்கள்.

தேடும்போது மனைவியின் பெயருக்கு நேரே தொழிற்கட்டம் காலியாக இருந்தால் அவள் வேலை செய்யவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஊரின் பள்ளி நாட்குறிப்பையும் பண்ணைக் கூலிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். களையெடுப்புக்கும் கல் பொறுக்கியதற்கும் பணம் வாங்கியவர்கள் பட்டியலில் அவள் பெயர் கிடைக்கக்கூடும்.